தடம் காட்டாத காயம்: துணைவர் வன்முறையும் மூளை அறிவியலும்

தேசியக் குடும்பநல ஆய்வின் வினாநிரலில் கணவனின் வன்முறை பற்றி வரிசையாகக் கேள்விகள் உண்டு. தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று அவை போகும். கழுத்தை நெரிக்க முயன்றதும் வேண்டுமென்றே தீயால் சுட முயன்றதும் அதில் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்து காயங்களைப் பற்றிக் கேட்கும்போது வெட்டு, கன்றல், கண் காயம், சுளுக்கு, தீக்காயம், எலும்பு முறிவு, பல் உடைதல் எல்லாம் வருகின்றன. நினைவு தப்பியதா என்ற கேள்வி வருவதில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவனின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. இவர்களில் எத்தனை பேர் தலையில் அடிபட்டு மயங்கினார்கள், எத்தனை பேருக்குக் கழுத்து நெரிபட்டுக் கண் இருண்டது என்பதை அந்த ஆய்விலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியாது.

கடந்த முப்பது ஆண்டுகளில் மூளை அறிவியல் இந்தப் பெண்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. அவள் ஏன் விலகிப் போகவில்லை, ஏன் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறாள், ஏன் ஆலோசகர் சொன்ன தேதியில் வரவில்லை என்பவற்றுக்கெல்லாம் மூளையிலிருந்து விடை எடுத்துத் தரப்படுகிறது. அந்த விடைகளில் எது உறுதியானது, எது அவளுக்குப் பயன்படுவது, எது அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடியது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. மிகுதியாகப் பேசப்படும் பகுதிதான் மிகவும் பலவீனமானது என்பதும், யாரும் அதிகம் பேசாத பகுதியில்தான் உறுதியான சான்றும் உடனடிப் பயனும் இருக்கின்றன என்பதும் என் முடிபு. ஆண்களும் தன்பால் இணையர்களும் இவ்வன்முறைக்கு ஆளாகிறார்கள். எனினும் இங்கே எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளும் சட்டங்களும் பெரும்பாலும் பெண்களைப் பற்றியவை.

‘ஏன் போகவில்லை?’: ஒரு கோட்பாடு தலைகீழான கதை

1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு செய்த சோதனைகள் இந்தத் துறையில் நெடுங்காலம் ஆட்சி செய்தன. தப்பவே வழியில்லாத நிலையில் மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு தாண்டிப் போகக்கூடிய சிறு தடுப்பு இருந்தபோதும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. எது செய்தாலும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கம் தரப்பட்டது. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற இந்தக் கருத்தை லெனோர் வாக்கர் 1979இல் வெளியான தன் நூலில் அடிபடும் மனைவியருக்குப் பொருத்திக் காட்டினார். நீதிமன்றங்களும் அதை எடுத்துக்கொண்டன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990இல் லவாலே வழக்கில், இத்தகைய பெண்ணின் மனநிலையைப் பற்றி வல்லுநர் சாட்சியம் ஏற்கத்தக்கது என்றது. அதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. ‘அவ்வளவு கொடுமை என்றால் முன்பே போயிருக்கலாமே’ என்ற ஏளனத்துக்கு அது சட்ட மொழியில் ஒரு பதில் தந்தது.

ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு சித்திரம் ஒளிந்திருந்தது: செயலற்றுப்போன, தேர்வு செய்யும் திறனையே இழந்த பெண். 1988இல் எட்வர்ட் காண்டால்ஃபும் எல்லன் ஃபிஷரும் டெக்சஸ் மாநிலக் காப்பகங்களுக்கு வந்த 6,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, அடி கூடக்கூட அவர்கள் உதவி தேடுவதும் கூடியதைக் கண்டார்கள். உறவினர், காவல் நிலையம், மருத்துவர், தேவாலயம் என்று அவர்கள் தட்டிய கதவுகள் பல. திறக்காதவை அந்தக் கதவுகள்தாம். பிரிந்து செல்லும் காலத்தில்தான் கொலை ஆபத்து உச்சத்தில் இருக்கிறது என்பதை ஜாக்குலின் கேம்ப்பெல்லின் ஆய்வுகள் பிறகு உறுதிப்படுத்தின. அப்படியென்றால் போகாமல் இருப்பது பல வேளைகளில் நோயின் அறிகுறி அல்ல; ஆபத்தைச் சரியாக எடைபோட்டதன் விளைவு.

இதற்குப் பிறகு நடந்தது பெரிதாகப் பேசப்படவில்லை. 2016இல், சோதனை நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், மையரும் செலிக்மனும் தங்கள் கோட்பாட்டையே திருப்பிப் போட்டார்கள். எலிகளின் மூளையில் நடத்திய நெடிய ஆய்வுகளின் அடிப்படையில் அவர்கள் சொன்னது இது: நீண்ட துன்பத்தின் முன் அசையாமல் கிடப்பது கற்றுக்கொள்ளப்படுவதே அல்ல. அது மூளைத்தண்டின் செரட்டோனின் நரம்பணுக்கள் வழியே இயல்பாக எழும் எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடு. ‘நான் செய்வதால் ஏதோ மாறுகிறது’ என்பதை முன்மூளைப் புறணியின் உட்பகுதி கண்டுகொள்ளும்போது அது மூளைத்தண்டின் எதிர்வினையை அடக்குகிறது. முன்பு ஒருமுறை அத்தகைய கட்டுப்பாட்டை அனுபவித்த விலங்கு, பிற்பாடு தப்ப முடியாத துன்பத்திலும் எளிதில் முடங்குவதில்லை.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதில் உள்ள தூரம் பெரிது. நாயிலிருந்து தாவியபோது நேர்ந்த பிழையை எலியிலிருந்து தாவி மறுபடி செய்யக்கூடாது. ஆனாலும் ஒரு செய்தியை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். காப்பகத்திலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் அவளுக்காக மற்றவர்கள் முடிவெடுத்துக்கொண்டே போனால், வீட்டில் இருந்த நிலைதான் வேறு கைகளில் தொடர்கிறது. எங்கே உட்காரலாம், யார் உடனிருக்கலாம், இன்றைக்கு எவ்வளவு சொல்லலாம், புகாராக எழுதலாமா வேண்டாமா என்பவை உண்மையாகவே அவள் கையில் இருக்க வேண்டும். பெண்கள் இயக்கங்கள் இதை எந்த மூளைப்படமும் இல்லாமல் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன.

நம்முடைய ஒரு வழக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. குடும்பத்தில் பட்ட கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறக்க, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் மேல்முறையீட்டில், சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் நல்லதங்காளின் கதையைத் துணைக்கு அழைத்தது. திடீரென மூண்ட கோபத்துக்கு மட்டுமே சட்டம் தந்திருந்த சலுகையை, நாள்பட நெஞ்சில் ஏறிய துயரத்துக்கும் நீட்டியது. அப்போது நீதிபதிகளின் முன் ஸ்கேன் எதுவும் இல்லை. நாட்டுப்புறக் கதை ஒன்று போதுமானதாக இருந்தது. ஒரு பெண்ணின் நிலையைப் புரிந்துகொள்ள மூளை அறிவியல் இன்றியமையாதது என்ற நம்பிக்கையை எதிர்கொள்ளும் போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்வது நல்லது.

தேதி, இடம், நேரம்: நினைவைப் பற்றிய வழக்கு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் கீழ் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் சம்பவ அறிக்கைப் படிவம், ஒவ்வொரு வகை வன்முறைக்கும் தேதி, இடம், நேரம் கேட்கிறது. பத்து ஆண்டு மணவாழ்க்கையில் வாரம் ஒருமுறை அடிபட்டவளிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்? தீபாவளிக்கு முந்தின நாள் என்பாள். பிறகு, இல்லை, அது மச்சினன் கல்யாணத்தின்போது என்பாள். குறுக்கு விசாரணையில் இந்த ஒரு தடுமாற்றமே போதுமானதாகிவிடுகிறது.

இதற்கு இப்போது பரவலாகச் சொல்லப்படும் மூளை விளக்கம் இப்படிப் போகும்: அச்சத்தில் அமிக்டலா கொதித்தெழுகிறது, கார்ட்டிசால் பெருகுகிறது, ஹிப்போகாம்பஸ் செயலிழக்கிறது, ஆகவே நினைவு துண்டு துண்டாகச் சிதறுகிறது. காவலர் பயிற்சிகளிலும் தன்னார்வ அமைப்புகளின் கையேடுகளிலும் இது நிறுவப்பட்ட உண்மை போலச் சொல்லப்படுகிறது. கூடவே பால் மெக்லீனின் மூவடுக்கு மூளை வரைபடமும் வருகிறது: கீழே பல்லி மூளை, நடுவில் உணர்ச்சி மூளை, மேலே சிந்திக்கும் மூளை. ஒப்பீட்டு நரம்பியலாளர்கள் அந்த வரைபடத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

சான்றுகள் உண்மையில் சொல்வது இதைவிடச் சிக்கலானது. கடும் அழுத்தத்தில் முன்மூளைப் புறணியின் வேலைத்திறன் குறைகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டென் முதலானோர் நன்கு நிறுவியிருக்கிறார்கள். அச்சமான நிகழ்வில் மையமான கூறுகள் ஆழமாகப் பதிவதும், ஓரத்தில் இருப்பவை நழுவுவதும் பலமுறை காணப்பட்டவை. ஓங்கிய கை நினைவிருக்கும். சட்டையின் நிறம் நினைவிருக்காது. ஆனால் அதிர்ச்சி நினைவு இயல்பிலேயே சிதறுண்டது என்ற பொதுவிதிக்குச் சான்று உறுதியாக இல்லை. பலருக்கு அது வேண்டாத அளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது. 2003இல் வெளியான தன் நூலில் ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நல்லி இதை விரிவாக எடுத்துக்காட்டினார். ஹிப்போகாம்பஸ் சுருங்கிவிடுகிறது என்ற புகழ்பெற்ற கூற்றுக்கும் இதே நிலைதான். 2002இல் மார்க் கில்பர்ட்சன் குழுவினர் ஒரே கரு இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். இரட்டையரில் ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், மற்றவர் போகாதவர். போருக்குப் பின் கடுமையான நெருக்கீட்டு நோய்க்கு ஆளானவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. போரையே காணாத அவர்களின் உடன்பிறப்புகளுக்கும் அது சிறியதாகவே இருந்தது. சிறுத்த ஹிப்போகாம்பஸ் கொடுமையின் தழும்பு என்று வாதிடும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பு இந்த ஆய்வை எடுத்து வைத்தால் என்ன செய்வார்?

உடல் உறைந்து போவது பற்றிய ஆய்வுகளையும் இப்படியே எடைபோட வேண்டும். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானோருக்கான அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவுக்கு அசைவற்றுப் போனதாகக் கூறினர் என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. ‘ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளவில்லை’ என்று கேட்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இது வினாத்தாள் வழியே பின்னர் பெறப்பட்ட தகவல். உறைந்து போனாள் என்பதைக் கொண்டு வன்முறை நடந்தது என நிறுவவும் முடியாது, உறையவில்லை என்பதைக் கொண்டு நடக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

தேதி குழம்பும் பெண்ணுக்கு உண்மையில் உதவுவது வேறொரு ஆய்வு மரபு. மறுபடி மறுபடி நிகழும் ஒரே வகை நிகழ்வுகளை மனிதர் எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்பதைக் குழந்தைச் சாட்சிகளை முன்னிட்டு உளவியலாளர்கள் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வழக்கமாக என்ன நடக்கும் என்பது அழுத்தமாகப் பதிகிறது. எந்த விவரம் எந்த நாளுக்கு உரியது என்பதுதான் இடம் மாறுகிறது. இது அச்சத்தால் வரும் கோளாறு அல்ல, மறதியும் அல்ல. ஆரோக்கியமான நினைவு மீள்நிகழ்வுகளை இப்படித்தான் தொகுக்கிறது. ஆகவே ‘வழக்கமாக எப்படித் தொடங்கும்? முதல் தடவை எது? கடைசித் தடவை எது? மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நடந்த நாள் உண்டா?’ என்று கேட்டால் அவள் கோவையாகச் சொல்வாள். படிவத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கினால் தடுமாறுவாள். மூளையை விடக் கேள்வியை ஆராய்வது இங்கே அதிகம் பயன் தருகிறது.

தலையும் கழுத்தும்

இனி வருவது, என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான கண்டடைவு. அது மிக எளியது: அடிபடும் பெண்ணின் மூளையும் அடிபடுகிறது.

குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் விவரித்தார். கணவனிடம் பல்லாண்டு அடிபட்ட ஒரு பெண்ணின் மூளையில் அதற்கு இணையான சிதைவு இருந்ததை லான்செட் இதழ் 1990இல் வெளியிட்டது. இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல். குத்துச்சண்டைக்காரருக்கு நடுவர் உண்டு, மணி உண்டு, போட்டிகளுக்கு இடையே ஓய்வு உண்டு. அவருக்காகவே ஒரு மருத்துவத் துறை வளர்ந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி உலகமே பேசியபோதும் வீட்டுக்குள் நடப்பதை எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அவர்களுள் முதன்மையானவர் ஈவ் வலேரா. 2003இல் அவரும் ஹோவர்ட் பெரன்பாமும் துணைவரிடம் அடிபட்ட 99 பெண்களை விரிவாக நேர்கண்டார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குத் துணைவரின் வன்முறையால் குறைந்தது ஒரு மூளைக்காயம் ஏற்பட்டிருந்தது. பாதிப் பேருக்கு ஒன்றுக்கு மேல். காயம் கூடக்கூட நினைவாற்றலும், புதிதாகக் கற்கும் திறனும், ஒரு சிந்தனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் லாவகமும் குறைந்தன. இது காப்பகங்களிலிருந்தும் வெளியிலிருந்தும் திரட்டிய சிறு குழு. எல்லாப் பெண்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. காயம் நேர்ந்ததா என்பதும் அவர்களின் வாய்மொழியிலிருந்தே அறியப்பட்டது. இந்தக் குறைகளை ஒப்புக்கொண்ட பிறகும் எஞ்சும் எண்ணிக்கை சிறியதல்ல. இப்பெண்களுள் மிகப் பலரிடம் அதுவரை யாரும் ‘தலையில் அடிபட்டதா’ என்றே கேட்டிருக்கவில்லை.

கழுத்து இன்னும் மோசமாகக் கவனிக்கப்படாத இடம். மூளையிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் கழுத்து நாளத்தை அடைக்க ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம் போதும், மூளைக்குச் செல்லும் தமனியை அடைக்க 5 கிலோ, மூச்சுக்குழாயை அடைக்க 15 கிலோ என்று தடயவியல் நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. ஆகவே மூச்சு நிற்பதற்கு முன்பே மூளைக்கு இரத்தம் நின்றுவிடுகிறது. 1943இல் அமெரிக்காவில், இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதிக்காத ஒரு சோதனையில், ராசன், கபாட், ஆண்டர்சன் ஆகியோர் இளைஞர்களின் கழுத்தில் காற்றுப்பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோர் 5 முதல் 10 நொடிகளுக்குள் நினைவிழந்தார்கள். பட்டையை உடனே தளர்த்த அருகில் மருத்துவர் இருந்தார்.

இவ்வளவு ஆபத்தான செயல் தோலில் தடம் விடாமல் போவது உண்டு. சான்டியாகோ நகர அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை கேல் ஸ்ட்ராக்கும் ஜார்ஜ் மெக்லேனும் அலசி 2001இல் வெளியிட்டார்கள். பாதி வழக்குகளில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. படம் எடுத்துக் காட்டும்படியான காயம் 15 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. தோல் கறுத்தவர்களிடம் கன்றல் இன்னும் எளிதில் தப்பிவிடும். காயம் எங்கே என்று கேட்டு, காட்ட ஒன்றும் இல்லாமல் அந்தப் பெண்கள் திரும்பியிருப்பார்கள். 2008இல் நான்சி கிளாஸ் குழுவினரின் ஆய்வு, துணைவரால் கழுத்து நெரிபட்டுப் பிழைத்த பெண் பின்னர் அதே கையால் கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, உயிர்போகாத கழுத்து நெரிப்பு தனிக் குற்றமாக்கப்பட்டது இத்தகைய சான்றுகளின் பின்னணியில்தான்.

நினைவைப் பற்றிய கேள்விக்கு இங்கே புதிய ஒளி கிடைக்கிறது. இரத்தம் நின்ற நொடிகளில் ஹிப்போகாம்பஸின் அணுக்கள் எளிதில் பாதிக்கப்படுபவை. பதிவே நடக்காத கணத்தை எந்தச் சிகிச்சையாலும் எந்த விசாரணையாலும் மீட்க முடியாது. ‘சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன், அப்புறம் தரையில் கிடந்தேன், பாவாடை நனைந்திருந்தது’ என்று ஒருத்தி சொன்னால், இடையில் உள்ள வெற்றிடத்தைக் கூச்சம் என்றோ மழுப்பல் என்றோ கொள்ளக்கூடாது. அது மருத்துவ அறிகுறி. சிறுநீர் தன்னையறியாமல் வெளியேறியதும் அப்படியே. குரல் கம்முவது, விழுங்க வலிப்பது, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், சில நாள் கழித்து ஒரு பக்கக் கை மரத்துப்போவது எல்லாம் கேட்டறிய வேண்டியவை. தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் நாள் கழித்தும் வரலாம்.

இன்னும் தீராத விவாதங்கள் இங்கும் உண்டு. விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் அந்தக் குறிப்பிட்ட மூளைச் சிதைவு இந்தப் பெண்களிடமும் உண்டா? நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்டன் டேம்ஸ்-ஓகானர் குழுவினர் 2023இல் 14 பெண்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது அந்தச் சிதைவைக் காணவில்லை. இரத்தக்குழாய்களிலும் வெண்பொருளிலும் சேதங்களைக் கண்டார்கள். வீரரின் மூளையை அளவுகோலாக வைத்து மனைவியின் மூளையைத் தேடுவது தவறான தேடலாக இருக்கலாம். அவளுக்குத் தலையடி மட்டுமல்ல, கழுத்து நெரிப்பும், உறக்கமின்மையும், இரத்தசோகையும், ஓயாத அச்சமும் சேர்ந்தே வருகின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, வெளிச்சம் தாங்காமை, எரிச்சல் ஆகியவற்றில் எது மூளைக்காயத்தால், எது நெருக்கீட்டால் என்று ஒரு தனிப்பெண்ணிடம் பிரித்துச் சொல்வது வல்லுநர்க்கும் கடினம். சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ‘இவளுக்கு ஒன்றுமில்லை, நடிக்கிறாள்’ என்று வீட்டார் சொல்லும் அபாயம் உடனே எழுகிறது.

அறிவியல் யார் பக்கம் சாட்சி சொல்லும்?

இந்தியக் குற்றவியலுக்குள் மூளை அறிவியல் நுழைந்த வழி நல்ல வழியல்ல. சந்தேகத்துக்குரியவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்ற அனுபவம் அவர் மூளையில் இருக்கிறதா எனச் சொல்வதாகக் கூறிய ஒரு சோதனையைச் சார்ந்தும் 2008இல் புணே நீதிமன்றம் ஒன்று கொலைக் குற்றத்துக்குத் தண்டனை வழங்கியது. உலக நரம்பியலாளர்கள் பலர் அதிர்ந்துபோனார்கள். 2010 மே 5ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உண்மை கண்டறியும் மருந்து ஊசி, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் ஒப்புதலின்றி நடத்துவது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வரலாறு உள்ள ஒரு நாட்டில், ‘பாதிக்கப்பட்டவளின் மூளையும் உண்மை சொல்லும்’ என்ற முழக்கத்தைக் கேட்டால் எனக்கு அச்சமே வருகிறது. இன்று அவள் சொல்வதை நம்ப ஸ்கேன் உதவும் என்றால், நாளை ஸ்கேன் இல்லாதவள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை என்றாகும்.

குழு சராசரி என்பது தனி ஒருவரின் சான்று ஆகாது. அடிபட்ட பெண்கள் இருபது பேரின் மூளை இணைப்புகள் சராசரியில் வேறுபடுகின்றன என்பதிலிருந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் அடிபட்டாளா என்பதைப் படிக்க இயலாது. ஆனால் படத்தின் கவர்ச்சி பெரிது. டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2008இல் காட்டியபடி, தொடர்பே இல்லாத நரம்பியல் வாக்கியம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தவறான விளக்கம்கூட வல்லுநரல்லாதவர்க்கு நிறைவாகத் தோன்றுகிறது. நீதிபதிகளும் ஆலோசகர்களும் இதற்கு விலக்கல்லர்.

அதைவிட நேரடியான ஆபத்து குடும்ப நீதிமன்றத்தில் காத்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனநலக் குறைவை மணவிலக்குக் காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் தாயின் தகுதி எப்போதும் தராசில் ஏற்றப்படுகிறது. தன் மறதிக்குச் சிகிச்சை தேடிப் போன பெண்ணின் மருத்துவக் கோப்பு, அந்த மறதியை உண்டாக்கியவனின் வழக்கறிஞர் கைக்குப் போகலாம். ‘மூளை பாதிக்கப்பட்டவள், பிள்ளையை எப்படி வளர்ப்பாள்?’ என்ற வாதத்துக்கு அவளுடைய ஆதாரமே ஆதாரமாகிவிடும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் பரிசோதனைத் தாள்களை இங்கே மொழிபெயர்த்து விநியோகிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும்.

உதவி என்பது எப்படி இருக்கும்

நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் வான் டோன்கெலாரும், கெலோனாவில் பெண்கள் காப்பகத்தை நடத்திய கேரன் மேசனும் சேர்ந்து, ஆய்வகத்தையும் காப்பகத்தையும் இணைத்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலக் குடும்ப வன்முறைத் தடுப்புக் கூட்டமைப்பு, காப்பகங்களில் மூளைக்காயத்தை மனத்தில் கொண்டு பழகுவதற்கு ஒரு முறையை வகுத்தது. அதன் சாரம் மருத்துவம் அல்ல, பழகும் விதம். சந்திப்பைச் சுருக்கமாக வை. சத்தமும் கண்கூசும் விளக்கும் இல்லாத அறையில் பேசு. ஒரு நேரத்தில் ஒரு செய்தி சொல். சொன்னதை எழுதிக் கொடு. அடுத்த தேதிக்கு முந்தின நாள் போனில் நினைவூட்டு. இரண்டு முறை வராதவளை ‘ஒத்துழைக்காதவர்’ என்று குறித்துக் கோப்பை மூடாதே. முன்பு பிடிவாதம் என்று தோன்றிய பலவும் இப்படிப் பார்த்தால் காயத்தின் விளைவாக இருக்கக்கூடும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை மூளை பற்றிய பேச்சைவிடச் சிகிச்சைச் சோதனைகளே வழிகாட்டுகின்றன. கிழக்குக் காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, உள்ளூரில் பயிற்றுவிக்கப்பட்ட ஊழியர்கள் குழுவாக நடத்திய சிந்தனை மறுசீரமைப்புச் சிகிச்சை கணிசமான பலன் தந்ததை ஜூடித் பாஸ் குழுவினர் 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மனநல மருத்துவர் அருகிலேயே இல்லாத ஊர்களில் அது நடந்தது. ஆனால் ஒரு வரம்பு உண்டு. அச்சத்தைத் தணிக்கும் சிகிச்சைகள், ஆபத்து முடிந்துவிட்டது என்பதை மூளைக்குக் கற்பிப்பவை. அவன் இன்னும் வாசலில் நிற்கும்போது அந்தப் பாடம் பொய். அப்போது அவளுடைய அச்சம் அவளைக் காக்கும் கருவி. முதல் தேவை பூட்டும் பாதுகாப்பு ஆணையும் தங்குமிடமும்.

நம் பக்கத்தில், மும்பை பாந்த்ராவின் மாநகராட்சி மருத்துவமனையில் ‘திலாசா’ மையம் கால்நூற்றாண்டாக ஒன்றைக் காட்டி வருகிறது: பெண் வன்முறையைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, வேறு நோயைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறாள், கேட்கத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், 181 உதவி எண், மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம், சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் என்று கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. ‘தலையை எதுலயாவது இடிச்சாராம்மா? கழுத்தைப் பிடிச்சப்ப கண்ணு இருட்டிச்சா? கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே தெரியாம போச்சா? அதுக்கப்புறம் குரல் மாறிச்சா, முழுங்க வலிச்சுதா? இப்பல்லாம் அடுப்புல வெச்சதை மறந்துடுறீங்களா?’ என்று தனியறையில், மாமியார் இல்லாத நேரத்தில் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கேட்ட பிறகு, ‘இது உங்க தப்பு இல்லம்மா, தலையில அடிபட்டா இப்படித்தான் ஆகும், பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்’ என்பதை அவளுக்கே முதலில் சொல்ல வேண்டும். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்துகொண்டிருப்பவளுக்கு அந்த அறிவு சேர வேண்டும். நீதிமன்றத்துக்கு அது பிறகு போகட்டும், அவள் விரும்பினால்.

மிகவும் தாழ்வான இடத்தில் உள்ள ஓர் ஆவணத்தில்தான் மாற்றம் முதலில் வேண்டும்: அவசர சிகிச்சைப் பிரிவின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். ‘கணவர் கையால் தாக்கியதாகக் கூறுகிறார், வெளிக்காயம் இல்லை’ என்று பணி மருத்துவர் எழுதிவிட்டால், காவல் நிலையத்தில் அது சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோகும், வழக்கானாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவின் சாதாரணக் காயத்தைத் தாண்டுவது அரிது. அதே மருத்துவர், ‘இரு கைகளாலும் கழுத்து நெரிக்கப்பட்டதாகக் கூறுகிறார், சிறிது நேரம் நினைவிழந்ததாகவும் சிறுநீர் வெளியேறியதாகவும் கூறுகிறார், குரல் கம்மியுள்ளது, விழுங்க வலி, வெளிக்காயம் இல்லை’ என்று எழுதினால், விசாரணை அதிகாரி 109ஆம் பிரிவின் கொலை முயற்சியை எண்ணிப் பார்த்தாக வேண்டும். பின்னது அறிகுறிகளை மட்டும் சொல்கிறது. அவளுடைய மனத்தகுதியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. கழுத்தின் இரத்தக்குழாய்களுக்கான ஸ்கேன் வேண்டுமா என்பதை முடிவு செய்யவும், மறுநாளோ மறுவாரமோ கை மரத்துப்போய் அவள் திரும்பி வந்தால் அடுத்த ஷிப்டில் இருப்பவர் விரைந்து செயல்படவும் அந்த வரிகளே வேண்டும்.